கணவருக்குச் சீழ் வடிந்தது, எனக்கு ஒன்றுமில்லை: நான் ஏன் மருந்து சாப்பிட வேண்டும்?

ஒரு சகோதரி கேட்டிருப்பது இது: "கல்யாணமாகி ஐந்து வருடம். ஒரு பெண் குழந்தை. இரண்டாவதற்கு முயற்சி செய்கிறோம். கணவர் வேலை விஷயமாக மாதத்தில் பாதி நாள் வெளியூர். போன வாரம் அவருக்குச் சிறுநீர் போகும்போது கடுமையான எரிச்சல், உள்ளாடையில் மஞ்சளாகச் சீழ்க்கறை. டாக்டர் ஊசி போட்டு மாத்திரை கொடுத்து, மனைவியையும் அழைத்து வாருங்கள் என்றாராம். எனக்கு எரிச்சல், அரிப்பு எதுவுமே இல்லை. மாமியார் உடம்புச் சூடு என்கிறார். ஆண்களிடமிருந்து பெண்களுக்கு என்னென்ன நோய் தொற்றும்? ஒன்றுமே இல்லாத நான் ஏன் மருந்து சாப்பிட வேண்டும்? அவர் வேறு எங்காவது போனாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

முதலில் பதில்: போங்கள் அம்மா. இந்த வாரமே போங்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே போக வேண்டும். இருவரும் மருந்து முடித்து ஒரு வாரம் ஆகும்வரை உறவு வேண்டாம்.

நான் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். உங்களைப் போல "எனக்கு எதுவும் இல்லையே சிஸ்டர்" என்று சொல்லியபடி வந்து உட்கார்ந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சொன்னது பொய்யில்லை, அவர்களுக்கு உண்மையிலேயே எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் உள்ளே பார்த்தால் வேறு கதை. அதை விளக்கமாகச் சொல்கிறேன்.

உங்கள் கணவருக்கு வந்தது சூடு இல்லை. வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் மஞ்சளாகி எரியும், அது நீர்க்கடுப்பு. சீழ் வடியாது. இந்த வயது ஆணுக்கு ஆண்குறி வழியாகச் சீழ் வடிந்தால், பெரும்பாலும் இரண்டு கிருமிகளில் ஒன்று காரணம். ஒன்று கொனோரியா. நம் ஊரில் வெட்டை நோய் என்பார்கள். இன்னொன்று கிளமிடியா. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பதும் சகஜம். அதனால்தான் டாக்டர்கள் இரண்டுக்கும் சேர்த்தே மருந்து கொடுக்கிறார்கள். கொனோரியா என்றால், தொற்றிய இரண்டு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் ஆணுக்குச் சீழ் வந்துவிடும். வலி தாங்காமல் அவரே டாக்டரைத் தேடி ஓடுவார். பெண்ணுக்கு இப்படி இல்லை. கொனோரியா தொற்றிய பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிகுறியே இருக்காது. கிளமிடியாவில் பத்தில் ஏழு பெண்களுக்கு எதுவும் தெரியாது.

ஏன் இந்த வித்தியாசம்? ஆணுக்குக் கிருமி தங்குவது சிறுநீர் வரும் குழாயில். ஒவ்வொரு முறை சிறுநீர் போகும்போதும் புண்ணில் உப்புப் பட்டது போல எரியும். பெண்ணுக்கு அது போய் ஒட்டுவது கருப்பை வாயில். அங்கே சிறுநீர் படுவதில்லை, கண்ணுக்கும் தெரியாது, அந்த இடத்தில் வலி உணர்வும் குறைவு. உறவுக்குப் பிறகு ஆணின் விந்து பெண்ணின் உடலுக்குள் மணிக்கணக்கில் தங்குகிறது. கிருமிக்கு அவகாசமும் இடமும் அதிகம். அதனால் தொற்றும் வேகமும் சமமில்லை. கொனோரியா உள்ள ஆணோடு ஒரே ஒரு முறை உறவு கொண்டாலே பெண்ணுக்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி தொற்ற வாய்ப்பு இருக்கிறது. தொற்றுள்ள பெண்ணிடமிருந்து ஆணுக்கு வருவது சுமார் ஐந்தில் ஒன்று. எச்ஐவியிலும் பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு ஆபத்து ஆணைவிடச் சுமார் இரண்டு மடங்கு. சின்ன வயதுப் பெண்களுக்கு இன்னும் அதிகம். இந்தக் கிருமிகள் விரும்பித் தொற்றும் மெல்லிய செல்கள் அந்த வயதில் கருப்பை வாயின் வெளிப்புறத்திலேயே விரிந்து கிடக்கும். பத்தொன்பது வயதில் கல்யாணமான பெண்ணுக்கும் முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் ஒரே கணவன் தந்தாலும் ஒரே அளவு ஆபத்து இல்லை.

பரிசோதனை அறையில் நாங்கள் பார்ப்பதை அப்படியே சொல்கிறேன். பெண்ணைப் படுக்க வைத்து, ஸ்பெகுலம் என்ற கருவியை மெதுவாக உள்ளே வைத்து விரித்து, விளக்கு வெளிச்சத்தில் கருப்பை வாயைப் பார்ப்போம். ஆரோக்கியமாக இருந்தால் அது இளஞ்சிவப்பாக, வழுவழுவென்று, நடுவில் சின்னத் துளையோடு இருக்கும். துளையில் தெளிந்த நீர் போலவோ முட்டை வெள்ளைக்கரு போலவோ கொஞ்சம் கசிவு இருக்கும். தொற்று இருந்தால் அந்த வாய் சிவந்து வீங்கியிருக்கும். துளையிலிருந்து மஞ்சள் கலந்த சளி எட்டிப்பார்க்கும். பஞ்சுக் குச்சியால் லேசாகத் தொட்டால் போதும், ரத்தம் கசியும். அந்தக் குச்சியை வெளியே எடுத்து வெள்ளைத் துணியின் மேல் பிடித்தால் மஞ்சள் நிறம் தெளிவாகத் தெரியும். வீட்டில் சமைத்து, துவைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்த பெண், "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் இதைப் பார்த்திருக்கிறோம். இன்னொன்று, கிளமிடியாவில் பல சமயம் கருப்பை வாய் பார்ப்பதற்குச் சாதாரணமாகவே இருக்கும். கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்பினால்தான் தெரியும்.

இங்கேதான் நம் சிகிச்சை முறையில் ஒரு பெரிய ஓட்டை. நம் அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் அறிகுறியைப் பார்த்து மருந்து கொடுப்பதுதான் வழக்கம். லேப் முடிவுக்குக் காத்திருந்தால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள் என்பதால் உலக சுகாதார நிறுவனம் சொன்ன வழி அது. சீழ் வடியும் ஆணுக்கு அந்த வழி நன்றாக வேலை செய்கிறது. அறிகுறியே இல்லாத பெண்ணுக்கு? அவள் ஓ.பி. சீட்டே எடுக்கப் போவதில்லை. எடுத்தாலும் என்ன சொல்வாள்? ஆக, அவளுக்குத் தொற்று இருக்கிறது என்று யாருக்காவது தெரியவர ஒரே வழி அவள் கணவனின் உடம்பு. அவருக்கு வடிந்த சீழ்தான் உங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை. அந்த டாக்டர் "மனைவியை அழைத்து வா" என்று சொன்னாரே, அவர் நல்ல டாக்டர். உங்கள் கணவர் அதை உங்களிடம் வந்து சொன்னாரே, அதுவும் பெரிய விஷயம். பெரும்பாலான ஆண்கள் சொல்வதில்லை. மெடிக்கல் ஷாப்பில் போய் "எரிச்சலுக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு நாலு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, சீழ் நின்றதும் மறந்துவிடுகிறார்கள்.

அந்த மெடிக்கல் ஷாப் மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் ஒரு காலத்தில் கொனோரியாவை ஒரே வேளையில் குணமாக்கியது. இன்று அது பெரும்பாலும் வேலை செய்வதில்லை, கிருமி பழகிவிட்டது. இப்போது நம்பக்கூடியது செஃப்ட்ரியாக்சோன் ஊசி. அரசு மையங்களில் செஃபிக்சிம் மாத்திரையும் தருகிறார்கள். அரைகுறை மருந்து சாப்பிட்டால் சீழ் குறையும், கிருமி முழுதாகப் போகாது. அவரே முழுமையாகக் குணமானாலும், மனைவிக்கு மருந்து போகவில்லை என்றால் அடுத்த முறை அவளிடமிருந்து அவருக்கே திரும்ப வரும். இரண்டாம் முறை வரும்போது சில ஆண்கள் கேட்பார்கள்: "நான் எங்கும் போகலையே சிஸ்டர், அப்ப அவகிட்ட இருந்துதானே வந்திருக்கு?" அவர் கொடுத்ததை அவள் வைத்திருந்தாள், அவ்வளவுதான். அந்தக் கேள்வியால் உடைந்த குடும்பங்கள் உண்டு. எனக்கு இன்னமும் ஆறாத கோபம் அது.

மருந்து சாப்பிடாமல் விட்டால் என்ன ஆகும்? கருப்பை வாயில் இருக்கும் கிருமி மாதவிடாய் நேரத்தில், அல்லது கருக்கலைப்பு, காப்பர்-டி போடுவது போன்ற சமயங்களில் மேலே ஏறும். கருப்பையைத் தாண்டிக் கருக்குழாய்க்குப் போகும். அந்தக் குழாய் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். உட்புறம் முழுக்க மெல்லிய ரோமம் போன்ற இழைகள் இருக்கும். கருமுட்டையைக் கருப்பைக்குத் தள்ளிக்கொண்டு வருவது அந்த இழைகளின் வேலை. அழற்சி வந்தால் அவை அழிந்துவிடும், உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முழுக்க அடைத்துவிட்டால் கருத்தரிக்காது. பாதி அடைத்தால் இன்னும் மோசம். கரு குழாயிலேயே தங்கி வளர்ந்து, ஆறு எட்டு வாரத்தில் குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கொட்டி உயிருக்கே ஆபத்தாகும். மருந்து சாப்பிடாத கிளமிடியாவில் சுமார் பத்துப் பெண்களில் ஒருவருக்குத் தொற்று இப்படி மேலே ஏறுகிறது. அப்போதும் எல்லோருக்கும் காய்ச்சல், வயிற்றுவலி என்று வருவதில்லை. "அடிவயிறு கொஞ்சம் இழுத்துப் பிடிக்குது" என்று மட்டும் தோன்றும், தூரம் வரப்போகிறது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். சில வருடம் கழித்துக் குழந்தையின்மை சிகிச்சைக்குப் போய், சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் இரண்டு குழாயும் அடைத்திருப்பது தெரியும். (நம் நாட்டில் காசநோயும் கருக்குழாயை அடைக்கும். ஆகவே குழாய் அடைப்பு என்றவுடன் கணவன் மீது பழி போட்டுவிடவும் கூடாது. அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.)

நீங்கள் இரண்டாவது குழந்தைக்கு முயற்சி செய்வதாகச் சொன்னதால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொன்னேன். முதல் குழந்தை பிறந்துவிட்டது என்பது இப்போது குழாய் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

இனி உங்கள் பொதுவான கேள்விக்கு வருகிறேன். இந்த இரண்டைத் தவிர ஆணிடமிருந்து பெண்ணுக்கு வேறு என்ன வரும்?

சிஃபிலிஸ். பழைய ஆட்கள் மேகநோய், கிரந்தி என்பார்கள். தொற்றிச் சுமார் மூன்று வாரத்தில் வலியே இல்லாத ஒரு புண் வரும். ஆணுக்குக் கண்ணில் படும், பெண்ணுக்கு உள்ளே இருந்தால் தெரியவே தெரியாது. புண் தானாக ஆறிவிடும், நோய் ஆறாது. சில வாரம் கழித்து உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பில்லாத சிவந்த தடிப்பு வரலாம், அதுவும் மறைந்துவிடும். பிறகு வருடக்கணக்கில் ரத்தத்தில் ஒளிந்திருக்கும். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், அல்லது நோயோடு பிறக்கலாம். கர்ப்பம் பதிவு செய்யும்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் இதுவும் ஒன்று. பென்சாத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஊசி, ஆரம்பக் கட்டமென்றால் ஒரே ஒரு தடவை. இவ்வளவு மலிவான மருந்தால் ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். பென்சிலின் இத்தனை வருடமாகியும் சிஃபிலிஸிடம் தோற்கவில்லை. எங்கள் பிரிவில் எனக்குப் பிடித்த ஊசி அதுதான்.

டிரைக்கோமோனாஸ். இது ஆணுக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது, பெண்ணுக்குத் தொல்லை கொடுக்கும். மஞ்சள் பச்சையாக, நுரைத்து, நாற்றத்தோடு வெள்ளைப்படும், அரிக்கும். மெட்ரோனிடசோல் மாத்திரை போதும். கணவரும் சாப்பிட வேண்டும்.

ஹெர்பிஸ் என்பது கொத்தாக வரும் நீர்க்கொப்புளம். ஒருமுறை வந்த வைரஸ் உடம்பை விட்டுப் போகாது, மாத்திரையால் அடக்கி வைக்கலாம். ஹெபடைடிஸ் பி ஈரலைத் தாக்கும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, பெரியவர்களுக்கு மூன்று தவணை. 2011க்குப் பிறகுதான் நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு வழக்கமாகப் போடும் ஊசிகளில் அது சேர்ந்தது. உங்கள் வயதினருக்குச் சிறுவயதில் போட்டிருக்க வாய்ப்புக் குறைவு, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

எச்பிவி பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வைரஸால் வருவதுதான். ஆணிடம் எந்த அடையாளமும் இல்லாமல் இருக்கும், பெண்ணுக்குத் தொற்றும். பயப்பட வேண்டாம், பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் பல வருடம் தங்கிவிடும் சிலருக்குத்தான் புற்று. முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் ஒரு எளிய சோதனை செய்கிறார்கள். கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது. கெட்ட செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். இந்தச் சோதனை உயிரைக் காக்கும் என்று உலகத்துக்கு நிரூபித்த ஆய்வுகளில் முக்கியமான ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. பயிற்சி பெற்ற நர்ஸுகள்தான் அந்தச் சோதனையைச் செய்தார்கள். ஒரே ஒரு முறை சோதித்ததிலேயே அந்தப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் அந்த முடிவு வெளியானது. பெரிய லேப் வசதி இல்லாத ஊர்களில்கூடச் செய்யக்கூடிய சோதனை. நம் பெண்கள் அதற்கு வெட்கப்பட்டு வராமல் இருப்பதுதான் மனதை அறுக்கிறது. உங்கள் பெண் குழந்தைக்கு ஒன்பது வயதானதும் எச்பிவி தடுப்பூசி போட்டுவிடுங்கள். உறவு தொடங்குவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன்.

கடைசியாக எச்ஐவி. இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். நுண்ணுயிரியல் நிபுணர் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு மாதிரிகளில் வைரஸ் இருந்தது. மகத்தான பணி அது. ஆனால் ஊர் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் தவறானது. "அந்த மாதிரிப் பெண்களுக்கு வரும் நோய்" என்று முத்திரை குத்திவிட்டு, வீட்டிலிருக்கும் பெண்களுக்கு வராது என்று எல்லோரும் நிம்மதியானார்கள். சில வருடங்களில் புனேயில் பால்வினை நோய்ப் பிரிவுகளுக்கு வந்த பெண்களைச் சோதித்தபோது, பாலியல் தொழிலில் இல்லாதவர்களில் 13.6 சதவீதம் பேருக்கு எச்ஐவி இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் கணவனைத் தவிர யாரையும் அறியாத மணமான பெண்கள். 1997இல் அந்த ஆய்வு வெளிவந்தது. சென்னையில் சிகிச்சைக்கு வந்த பெண்களைப் பார்த்தபோதும் இதே நிலைதான். ஒரு தப்பும் செய்யாதவள் என்று தன்னை நம்பியவள், தனக்கு ஆபத்து இருக்கும் என்று நினைக்கவே இல்லை. கொனோரியா, சிஃபிலிஸ் போன்றவை இருந்தால் எச்ஐவி தொற்றுவது இன்னும் எளிது. ஆகவே ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் மற்றவற்றுக்கும் சோதிப்பது கட்டாயம்.

அடுத்து, நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்வி. அவர் வேறு எங்காவது போனாரா?

மழுப்ப மாட்டேன். சோதனையில் கொனோரியா என்று உறுதியானால், அது பொதுக் கழிப்பறையிலோ துண்டிலோ நீச்சல் குளத்திலோ அவருக்கு வந்திருக்காது. உடலுறவில்தான் வரும், அதுவும் ஆணுக்கு அநேகமாகச் சமீபத்தில். கிளமிடியா என்றால் அவ்வளவு உறுதியாகத் தேதி சொல்ல முடியாது. ஆணிடமும் அது பல மாதம் சத்தமில்லாமல் இருக்கக்கூடும். ஹெர்பிஸும் எச்பிவியும் கல்யாணத்துக்கு முன்பே வந்து பல வருடம் கழித்து வெளிப்படலாம். அவற்றை வைத்து யார் மீதும் குற்றம் சொல்லவே முடியாது. இதைப் பெண்கள் பக்கமும் சேர்த்துச் சொல்கிறேன். வெள்ளைப்படுதல் எல்லாமே பால்வினை நோய் இல்லை. தயிர்த் திப்பி போல வந்து அரித்தால் பூஞ்சை, மீன் வாடை வந்தால் உள்ளிருக்கும் நல்ல கிருமிகளின் சமநிலை கெட்டது. இரண்டும் யாரிடமும் போகாத பெண்ணுக்கும் வரும். முட்டை வெளியாகும் நாட்களில் வழுக்கும் தெளிந்த கசிவு இயற்கை. வெள்ளைப்படுகிறது என்றதும் சோப்பு, டெட்டால் போட்டு உள்ளே கழுவாதீர்கள். கெடுதல்தான்.

ஆனால் ஒன்று, வாக்குமூலம் வாங்கிய பிறகுதான் மருத்துவமனை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் ஒப்புக்கொள்ளப் பத்து நாள் ஆகலாம், ஒப்புக்கொள்ளாமலே போகலாம். கிருமி அதற்காகக் காத்திருக்காது. முதலில் மருந்து, பேச்சு அப்புறம். அந்தப் பேச்சை எப்படிப் பேசுவது என்பது உங்கள் குடும்பம், உங்கள் மனசு. அதில் நான் தலையிட மாட்டேன். அவர் அடிப்பார், வீட்டை விட்டு அனுப்பிவிடுவார் என்ற பயம் இருந்தால் மட்டும் மருத்துவமனையில் இருக்கும் ஆலோசகரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெண்களுக்கான 181 எண்ணுக்கும் கூப்பிடலாம்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்? மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். வரிசையில் எல்லோர் முன்னாலும் நோயைச் சொல்ல வேண்டாம், "தோல், பால்வினைப் பிரிவு" என்றால் போதும். கூச்சமாக இருந்தால் "மகப்பேறு ஓ.பி." என்று சொல்லி உள்ளே போய் டாக்டரிடம் சொல்லலாம். சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்: "கணவருக்குச் சீழ் வடிந்து மருந்து சாப்பிடுகிறார், என்னையும் பார்க்கச் சொன்னார்கள்." இதைச் சொன்னால் அவர்களுக்குப் புரிந்துவிடும். அவருடைய மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். ஆண் டாக்டர் பார்த்தால் நர்ஸ் கூட இருக்க வேண்டும், அதைக் கேட்பது உங்கள் உரிமை.

அரசு மையங்களில் பால்வினை நோய் மருந்துகள் நிறம் பிரித்த கிட்களாக இருக்கும். சீழ் வடியும் ஆணுக்கும் கருப்பை வாய் அழற்சி உள்ள பெண்ணுக்கும் ஒரே சாம்பல் நிறக் கிட்தான். அடிவயிற்று வலி இருந்தால் மஞ்சள் கிட், அதை இரண்டு வாரம் சாப்பிட வேண்டும். காசு கிடையாது. உங்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும், கணவருக்கு இருக்கிறது என்பதாலேயே மருந்து தருவார்கள். கடைசியாக எப்போது தூரமானீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள் அல்லவா, கர்ப்பம் இருந்தால் டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரை கூடாது, அதற்குப் பதில் அசித்ரோமைசின் தருவார்கள். மருந்து தொடங்கும் முன் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

ரத்தத்தில் எச்ஐவி, சிஃபிலிஸ், ஹெபடைடிஸ் பி மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். எச்ஐவிக்கு அதே வளாகத்தில் ஆலோசனையும் சோதனையும் தரும் நம்பிக்கை மையம் இருக்கும், இலவசம். 2017இல் வந்த எச்ஐவி சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. தனக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தவர் அடுத்தவருக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஒரு பெண்ணின் முடிவை அவள் துணையிடம் சொன்னால் அவள் அடிக்கப்படுவாள், கைவிடப்படுவாள் என்று பயப்பட நியாயம் இருந்தால் ஆலோசகர் சொல்லக் கூடாது என்றும் இருக்கிறது. போகும் முன் சந்தேகம் இருந்தால் 1097க்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே கேட்கலாம், பேர் சொல்ல வேண்டியதில்லை. ஒருவேளை கணவருக்கு எச்ஐவி இருப்பது இப்போதுதான் தெரியவந்து, கடைசி உறவு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் அன்றைக்கே ஓடுங்கள். 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து இருக்கிறது, நேரம் தாண்டினால் பயனில்லை.

ஆணுறை பற்றி ஒரு விஷயம். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆபரேஷன் முடிந்ததும் அந்த வீட்டில் ஆணுறை என்ற பேச்சே இருக்காது. "அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே, எதுக்கு?" என்பார்கள். ஆபரேஷனும் காப்பர்-டியும் மாத்திரையும் கர்ப்பத்தைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. ஆணுறை மட்டுமே இரண்டையும் தடுக்கும். ஹெர்பிஸும் எச்பிவியும் தோலோடு தோல் பட்டே பரவுவதால் அவற்றை ஆணுறை ஓரளவுதான் தடுக்கும். கணவர் வெளியூரில் அதிகம் இருப்பவர் என்பதால் சோதனை முடிவுகள் எல்லாம் தெளிவாகும்வரை ஆணுறை இல்லாமல் வேண்டாம் என்று நீங்கள் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. அது சந்தேகம் இல்லை, சிகிச்சையின் பகுதி.

இருவரும் ஒரே சமயத்தில் மருந்து சாப்பிட்டு, கடைசியாக மருந்து முடித்தவருக்கு ஒரு வாரம் ஆகும்வரை உறவு கூடாது. ஒரே வேளை மருந்தாக இருந்தாலும் ஏழு நாள் கணக்குதான். மூன்று மாதம் கழித்து இருவரும் மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள். திரும்பத் தொற்றுவது அவ்வளவு சகஜம். இன்று எச்ஐவி இல்லை என்று வந்தாலும் அதையும் அந்த மூன்றாம் மாதத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், புதிதாகத் தொற்றியிருந்தால் ஆரம்பத்தில் சோதனையில் தெரியாமல் போகலாம். இடையில் அடிவயிற்றில் வலியோடு காய்ச்சல், உறவுக்குப் பின் ரத்தம், இரண்டு தூரத்துக்கு நடுவே ரத்தம், இவற்றில் எது வந்தாலும் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது குழந்தைக்கான முயற்சியை அந்த மூன்றாம் மாத முடிவு வந்த பிறகு ஆரம்பியுங்கள். கர்ப்பம் உறுதியானதும் முதல் வருகையிலேயே டாக்டரிடம் இந்தத் தொற்று வந்து மருந்து சாப்பிட்டதைச் சொல்லி, சீக்கிரமே ஒரு ஸ்கேன் எடுத்துக் கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றால் குழாய் பார்க்கும் எக்ஸ்ரேயும், கூடவே கணவருக்கு விந்துப் பரிசோதனையும். உங்களை மட்டும் சோதிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.